சிஓபிடிக்கு ஆன்டிஆக்சிடன்ட் டப்பா வாங்குமுன்

வீட்டில் ஒருவருக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைத்து நுரையீரல் நாளடைவில் கெடும் நோய்) என்று டாக்டர் சொன்ன ஒரு வாரத்துக்குள் யாராவது ஒரு ஆன்டிஆக்சிடன்ட் (உடலை அரிக்கும் முரட்டுப் பொருட்களை அடக்கும் சத்து) டப்பாவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், நுரையீரலைக் கழுவிவிடும் என்பார்கள். காசு கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். புகையிலிருந்தும், புகை உசுப்பிவிடும் வெள்ளை அணுக்களிலிருந்தும் சூப்பர் ஆக்சைடு என்ற முரட்டுப் பொருள் வருகிறது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும், அதுவும் ஆபத்துதான் என்பதால் கேட்டலேஸும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் அதைத் தண்ணீராக்கிவிடும். (புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குகிறதே, அது கேட்டலேஸின் வேலை.) இவை சமாளிக்க முடியாத அளவுக்குப் புகை வந்தால் மிச்சம் நுரையீரலை அரிக்கும். நுரையீரல் நார்களைக் காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் செயலிழக்கும், ஸ்டீராய்டு வேலை செய்யத் தேவையான எச்டிஏசி2 என்ற நொதியும் படுத்துவிடும். ஸ்டீராய்டு இன்ஹேலர் ஆஸ்துமாவில் கேட்கிற அளவுக்கு சிஓபிடியில் கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, முதல் வேலை புகையை நிறுத்துவது. இதைச் செய்யாமல் மற்றதைச் செய்வது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுதான். சிகரெட், பீடியை விட முடியவில்லை என்றால் நிகோடின் சூயிங்கம், மாத்திரை எல்லாம் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்; இந்தியாவில் 1800 11 2356 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் விறகடுப்பால் இந்த நோய் வருகிறது, அதனால் அடுப்படியையும் பாருங்கள். அப்புறம் கொசுவத்தி: ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கொசுவலை கட்டுங்கள்.

அடுத்து ஸ்பைரோமெட்ரி, அதாவது நோயை உறுதிசெய்ய ஊதிப் பார்க்கும் சோதனை. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தபின் ஊதச் சொல்லி, முதல் நொடியில் வெளியேறும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ் (மேலே சொன்ன முரட்டுப் பொருட்களின் அரிப்பு) அளக்கிறோம் என்று பரிசோதனைக் கூடத்தில் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள், எந்த எண் வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை.

இனி அந்த டப்பா. லேபிளைத் திருப்பிப் படியுங்கள். டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் என்று போட்டிருந்தால், அவை புரதங்கள், பருப்பைப் போலவே வயிற்றில் செரித்துவிடும். பீட்டா கரோட்டின் இருந்து, சாப்பிடுபவர் புகைபிடிப்பவர் என்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடத்திய ஆய்வில், தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. இது 1994-ல் வெளியானது. நல்லது செய்யும் என்று நம்பிக் கொடுத்த மாத்திரை! சளியை இளக்கும் மருந்தான என்-அசிட்டைல் சிஸ்டீன் கதை வேறு. தினம் 600 மில்லிகிராம் கொடுத்த 2005 ஆய்வில் நுரையீரல் தேய்வது குறையவில்லை, சீனாவில் தினம் இரண்டு வேளை 600 கொடுத்த 2014 ஆய்வில் நோய் திடீரென முற்றுவது குறைந்தது. அதனால் டாக்டர் எழுதினால் சாப்பிடுங்கள், நீங்களாக வேண்டாம்.

நொதிகளுக்கு வேண்டிய செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, செலினியம் எல்லாம் பயறு, நிலக்கடலை, முட்டை, மீனிலேயே கிடைக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு திணறும், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள், ஒவ்வொரு தொற்றும் வெள்ளை அணுக்களைக் கிளப்பிப் புதிதாக சூப்பர் ஆக்சைடைக் கொட்டவைக்கும்.

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருந்தால் ஒரு எச்சரிக்கை. மூச்சு திணறுகிறதே என்று டாக்டர் எழுதிய லிட்டருக்கு மேல் திருகாதீர்கள், சிஓபிடியில் நோய் முற்றும்போது ரத்த ஆக்சிஜன் அளவுக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 சதவீதம்தான், அதற்கு மேல் ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி ஆளையே மயக்கிவிடும். அந்த அறையில் சாம்பிராணியோ விளக்கோ ஏற்றவே கூடாது.