குழந்தை மார்பைச் சரியாகப் பிடித்துத் தாய்ப்பால் குடிக்க

அழும் வரை காத்திருக்காதீர்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது, இவைதான் பசியின் முதல் அறிகுறிகள். அழுது களைத்த பிள்ளையைக் குடிக்கவைப்பது பெரும்பாடு. என் மகளிடம் நன்றாகவே பார்த்தேன்.

சாய்ந்து உட்காருங்கள். குனிய வேண்டாம், குழந்தையை மார்புக்குக் கொண்டு வாருங்கள். அதன் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்கட்டும், மூக்கு காம்புக்கு நேராக. காம்பால் மேலுதட்டை லேசாகத் தடவினால் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். அந்த நொடியில் தோளைத் தாங்கி, தாடை முதலில் படும்படி சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். காம்பு மட்டும் போதாது; சுற்றியுள்ள கருவட்டமும், குறிப்பாகக் கீழ்ப்பக்கம், நிறைய உள்ளே போக வேண்டும். கீழுதடு வெளியே மடிந்திருக்கும்.

வலி நீடித்தால் தயவுசெய்து பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி வையுங்கள். எத்தனை முறையானாலும் சரி.

அப்புறம், இரவுப் பாலைத் தவிர்க்காதீர்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் கூடுதல். பால் போதுமா என்ற கவலைக்கு ஈரத்துணிகளை எண்ணுங்கள்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 முறையாவது சிறுநீர் போக வேண்டும். குறைந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.