‘மிஸ் எவர்ஸ் பாய்ஸ்’ படத்தை வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி

1997 பிப்ரவரியில் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் வெளியான இந்தப் படம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேக்கன் வட்டாரத்துக் கறுப்பின விவசாயிகள் மீது அரசின் பொதுச் சுகாதாரச் சேவை 1932 முதல் 1972 வரை நடத்திய டஸ்கிகீ ஆய்வைக் கதையாக்குகிறது. மாணவர்களுக்கோ நண்பர்களுக்கோ இதைத் திரையிடுவதாக இருந்தால், தொடங்குமுன் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுங்கள். அந்த மனிதர்களின் உடலில் யாரும் நோயைச் செலுத்தவில்லை. ஏற்கெனவே மேகநோய் எனப்படும் சிபிலிஸ் கண்டிருந்த 399 பேரையும், ஒப்பீட்டுக்காக நோயில்லாத 201 பேரையும் சேர்த்துக்கொண்டு, முறையான சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குற்றம் அந்தப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் இருக்கிறது.

அடுத்து, ஒரு தாளை எடுத்து ஒரு பக்கம் ஆண்டையும், மறுபக்கம் அந்த ஆண்டில் யாருக்கு என்ன தெரியும் என்பதையும் குறித்துக்கொண்டே பாருங்கள். நோயாளிகளுக்குத் தெரிந்ததெல்லாம் தங்களுக்குக் ‘கெட்ட ரத்தம்’ இருக்கிறது என்பது மட்டுமே. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கும் வேதனையான பரிசோதனைக்கு, அது இலவசச் சிறப்புச் சிகிச்சை என்று கடிதம் எழுதி அழைத்தார்கள். இறந்தபின் பிரேதப் பரிசோதனைக்கு உடன்பட்டால் ஈமச்செலவுக்குப் பணம் கிடைத்தது. கையில் காசில்லாத குத்தகை விவசாயிக்கு அது சிறிய தொகையன்று. 1947 வாக்கில் பெனிசிலின் இந்நோய்க்குரிய வழக்கமான மருந்தாகிவிட்டது என்பதைத் தாளில் தடித்த எழுத்தில் எழுதுங்கள், ஏனெனில் அதன்பின் வரும் ஒவ்வொரு காட்சியையும் அந்த ஆண்டைக் கொண்டே எடைபோட வேண்டும்.

கதையின் மையமான செவிலி யூனிஸ் எவர்ஸ், யூனிஸ் ரிவர்ஸ் என்னும் உண்மையான செவிலியை ஒட்டிப் படைக்கப்பட்டவர். ஆல்ஃப்ரி வுடார்டின் நடிப்பு அத்தனை நேர்த்தியாக இருப்பதே இங்கு ஒரு சிக்கல்: அவருடைய மனப்போராட்டத்தில் ஆழ்ந்துவிடும் நாம், முடிவெடுத்த வாஷிங்டன் அதிகாரிகளை மறந்துவிடுகிறோம். எவர்ஸ் செனட் விசாரணையில் சாட்சி சொல்வதாக வரும் காட்சிகள் கற்பனை. ரிவர்ஸ் அங்கு சாட்சியளிக்கவில்லை. எனவே அக்காட்சிகள் வரும்போது படத்தை நிறுத்தி, கேள்வி உண்மையில் யாரிடம் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்று விவாதியுங்கள். இந்த ஆய்வு மறைவாக நடந்ததும் அல்ல. 1936 முதலே மருத்துவ இதழ்களில் அதன் கட்டுரைகள் வெளிவந்தன. 1953இல் வந்த ஒன்றில் முதல் ஆசிரியராக இருப்பது ரிவர்ஸின் பெயர்தான். அவற்றைப் படித்த மருத்துவர்களின் பெயர்களையும் தாளில் சேர்க்க முடியுமானால் தாள் போதாது.

இசை, நடனக் காட்சிகளைக் கவனமாகப் பாருங்கள். பாதிக்கப்பட்டோருக்காக வழக்காடிய ஃபிரெட் கிரே, தம் கட்சிக்காரர்களை ஆட்டக்காரர்களாகக் காட்டியதை ஏற்கவில்லை.

படம் முடிந்ததும் விளக்கைப் போடுமுன், 1997 மே 16 அன்று அதிபர் கிளின்டன் வெள்ளை மாளிகையில் மன்னிப்புக் கேட்ட நிகழ்வின் ஒளிப்பதிவைக் காட்டுங்கள். அதில் அதிபருக்குமுன் பேசுபவர், ஆய்வில் உயிர்தப்பியவர்களில் ஒருவரான ஹெர்மன் ஷா. அவர் பேச்சை இடையில் வெட்டாதீர்கள்.