ஒரு மேனர், மூன்று வயல், நாற்பது மாணவர்கள்: இடைக்கால இங்கிலாந்தை வகுப்பறையில் நடத்துவது எப்படி?

நிலப்பிரபுத்துவம் என்றாலே கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைகிறோம்: உச்சியில் அரசர், அடியில் பண்ணையடிமை. கொஞ்சம் மெனக்கெடுகிறவர்கள் மிட்டாய் கொடுத்துப் பறிக்கும் விளையாட்டை நடத்துகிறார்கள். அதில் பிள்ளைகள் தெரிந்துகொள்வது ‘இது அநியாயம்’ என்பதை மட்டும்தான். அந்த ஏற்பாடு பல தலைமுறைக்கு எப்படி ஓடியது, 14ஆம் நூற்றாண்டில் ஏன் ஆட்டம் கண்டது என்று புரிய, ஒரு மேனரின், அதாவது ஒரு பிரபுவின் ஆளுகையில் உள்ள பண்ணைக் கிராமத்தின், வரவு செலவை அவர்களே பார்க்க வேண்டும். இரண்டு பாடவேளை தொடர்ச்சியாகக் கிடைத்தால் போதும்.

தேவையானவை: சாக்பீஸ், தானியத்துக்கு 500 புளியங்கொட்டை, ‘உழைப்பு நாள்’ என்று எழுதிய 120 துண்டுச் சீட்டுகள், 8 எருதுச் சீட்டுகள், 8 பசுச் சீட்டுகள். மிட்டாய் வேண்டவே வேண்டாம், பாதி ஆட்டத்தில் தானியம் வாய்க்குள் போய்விடும். காகித வட்டமும் சரிப்படாது, மின்விசிறி போட்டால் பறக்கும்.

ஆள் பிரிப்பு: நால்வர் கொண்ட 8 குடும்பங்கள். பிரபு, அவருடைய நிர்வாகியான ஸ்டுவர்ட், கிராமத்தார் தேர்ந்தெடுக்கும் வேலை மேற்பார்வையாளரான ரீவ், பாதிரியார், மாவு ஆலைக்காரர் என ஐவர். நிலம் மிகக் குறைவாக உள்ள குடிசைவாசிகள் மூவர். பொறுப்புகளைக் குலுக்கல் முறையில் மட்டுமே கொடுங்கள். ஆசிரியர் கைகாட்டி ‘நீ அடிமை’ என்றால், நம் வகுப்பறைகளில் அது அந்தப் பிள்ளையின் சாதியோடும் வீட்டோடும் ஒட்டிக்கொள்ளும். மண்டியிடச் சொல்வது, திட்டுவது எல்லாம் ஆட்டத்தில் கிடையாது. உறவைக் காட்டக் கணக்கே போதும்.

நிலம்: தரையில் மூன்று பெரிய வயல்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் 12 நீளப் பட்டைகளாகப் பிரியுங்கள். குடும்பத்துக்கு வயலுக்கு ஒன்று, பிரபுவுக்கு மூன்று, தேவாலயத்துக்கு ஒன்று. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகால பார்லி, மூன்றாவது தரிசு. ஆண்டுதோறும் முறை மாறும். பட்டைகளையும் குலுக்கியே கொடுங்கள், ஒருவர் நிலம் சிதறிக் கிடக்கட்டும். நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் கிராமத்தில் இந்தத் திறந்தவெளி வயல்முறை இன்றும் இருக்கிறது, வரைபடத்தில் காட்டலாம். உழவுக்கு எட்டு எருதுகள் பூட்டிய கலப்பை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஊரே சேர்ந்தால்தான் ஏர் பூட்ட முடியும்.

உழைப்பு நாள்: பலரும் சறுக்கும் இடம் இது, நிதானமாகச் செய்யுங்கள். பிரபுவின் நிலத்தில் வாரம் மூன்று நாள் வேலை என்பது ஆளுக்கு அல்ல, குடும்பம் வைத்திருக்கும் நிலத்துக்கு. ஆளுக்கு என்று கணக்கிட்டால் முதல் சுற்றிலேயே எல்லாரும் பட்டினி, ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். குடும்பத்தில் உழைக்கக்கூடியவர்கள் இருவர், ஒருவர் முதியவர், ஒருவர் குழந்தை. ஞாயிறு நீங்கலாக 6 நாள் வீதம் 12 சீட்டு. உழவு வாரத்தில் பிரபுவுக்கு 3 போக 9 மிஞ்சும். சொந்த நிலத்துக்கு 8 போதும், சமாளித்துவிடுவார்கள். அறுவடை வாரத்தில் பிரபு கூடுதலாக 3 நாள் கேட்பார். கையில் 6 தான், தேவையோ 8. குறையும் ஒவ்வொரு நாளுக்கும் 2 கொட்டை விளைச்சல் போகும், அல்லது நாளுக்கு 1 கொட்டை கூலிக்குக் குடிசைவாசியைப் பிடிக்கலாம். தன் கதிர் முற்றி நிற்கும்போது பிரபுவின் வயலில் அரிவாள் பிடிப்பது என்னவென்று இங்கேதான் உறைக்கும்.

முதல் ஆண்டு: இரண்டு வயலிலும் ஐந்தைந்தாக 10 கொட்டை விதைப்பு. ஒன்றுக்கு நான்கு என 40 விளையும் (அக்காலக் கோதுமைக்கு இது சாதாரண விளைச்சல்தான்). தேவாலயத்துக்குப் பத்திலொன்று 4, அடுத்த விதைப்புக்கு 10, அரவைக்கு 2, பிரபுவுக்கு வரி 2, சாப்பாட்டுக்கு 20, கூலிக்கு 2. மிச்சம் பூஜ்யம். விதைக்கான பத்தை ஒதுக்குவதற்கு முன்பே தசமபாகத்தை எடுத்துவிடுங்கள், அது மொத்த விளைச்சலின் மேல் வந்தது.

இரண்டாம் ஆண்டு, 1315: விடாத மழை. விளைச்சல் 20 தான். தசமபாகம் 2, விதை 10, அரவை 1, வரி 2 போனால் சாப்பிட 5. கூலிக்கு ஆள் பிடிக்கவே வழியில்லை. ஆசிரியர் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டிய சுற்று இது. விதையைத் தின்பதா, எருதை 8 கொட்டைக்குப் பிரபுவிடம் விற்பதா? ஒரு வீடு விற்றாலும் ஊரின் கலப்பைக்கு ஓர் எருது குறையும். அந்த நொடியில் மற்ற ஏழு வீடுகளும் பேச்சில் இறங்கும், இறங்கட்டும்.

மூன்றாம் ஆண்டு, 1348: களஞ்சியத்தையும் மாட்டையும் முதலாண்டு நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கொள்ளைநோய் (‘கறுப்பு மரணம்’) வந்த ஆண்டு இது. 40 சீட்டில் 14 கறுப்பு, அதை எடுப்பவர் இறந்தவர். பிரபு உட்பட எல்லாரும் எடுக்க வேண்டும். குடும்பத் தலைவர் போனால் சிறந்த மாடு பிரபுவுக்கு. கறுப்பு எடுத்தவர்களைச் சும்மா உட்கார வைத்தால் வகுப்பு சந்தையாகிவிடும். அவர்களிடம் நோட்டைக் கொடுத்து மேனர் நீதிமன்றப் பதிவேட்டை எழுதச் சொல்லுங்கள்: யார் எத்தனை நாள் பாக்கி, யாருக்கு அபராதம்.

இப்போது கூலி விலையை நீங்கள் சொல்லாதீர்கள். பிழைத்த குடிசைவாசி நாளுக்கு 3 கேட்பான், கொடுப்பார்கள். பேரம் சூடுபிடித்ததும் ஸ்டுவர்ட் எழுந்து 1351ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிவிக்கட்டும்: கொள்ளைநோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் வாங்கக் கூடாது. அடுத்து 1381ஐச் சொல்லுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த தலைவரி, அதை எதிர்த்த குடியானவர் கிளர்ச்சி, அதன் தலைவர் வாட் டைலர், கிளர்ச்சியாளர்கள் பல இடங்களில் மேனர் பதிவேடுகளைத் தேடிப்பிடித்து எரித்தது. ஏன் அந்த ஏடுகளை எரித்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நோட்டு வைத்திருப்பவர்கள்.

பின்சேர்க்கை: வகுப்பில் 20 பேர்தான் என்றால் 3 குடும்பம், 5 பொறுப்பாளர், 1 குடிசைவாசி, 2 எழுத்தர். கறுப்புச் சீட்டு 7. மூன்று வீட்டுக்கு எட்டு எருது வராது, எனவே ஏருக்கு மூன்று எருது என்று மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பக் கணக்கில் கை வைக்க வேண்டாம்.