எக்செலில் நிபந்தனைக்குப் பொருந்தும் செல்களை மட்டும் எண்ணுவது எப்படி?

வகுப்பில் 42 பேர். எத்தனை பேர் பாஸ், எத்தனை பேர் பஸ்ஸில் வருகிறார்கள் என்று திடீரெனக் கேட்டால் பலரும் திரையில் விரலை வைத்து எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள், பாதியில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து. கவுன்ட்இஃப் என்ற ஃபார்முலா தெரிந்தால் பத்து விநாடி வேலை. எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

ஏ நெடுவரிசையில் பெயர், பி-யில் மதிப்பெண், சி-யில் எப்படி வருகிறார்கள் (பஸ், சைக்கிள், நடை) என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி தலைப்பு, அதனால் விவரங்கள் 2-லிருந்து 43 வரை. காலியாக இருக்கும் ஒரு செல்லைக் கிளிக் செய்து இதை அடியுங்கள்:

=கவுன்ட்இஃப்(சி2:சி43,"பஸ்")

ஃபார்முலா பெயரை சி, ஓ, யு, என், டி, ஐ, எஃப் என்று ஆங்கில எழுத்துகளில் இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும், செல் முகவரியும் ஆங்கில எழுத்தில்தான். என்டர் தட்டினால் எண்ணிக்கை வந்துவிடும். அடைப்புக்குள் இருப்பது இரண்டே விஷயம்: எங்கே தேட வேண்டும், எதைத் தேட வேண்டும். நடுவில் ஒரு கமா.

சரி, பாஸ் ஆனவர்கள்? 35-ம் அதற்கு மேலும்:

=கவுன்ட்இஃப்(பி2:பி43,">=35")

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. குறியும் எண்ணும் சேர்ந்து மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். 35-ஐ இ1 செல்லில் வைத்து, வேண்டும்போது மாற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் ">="&இ1 என்று எழுதுங்கள், இ1-ஐ மேற்கோளுக்குள் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஃபார்முலாவை அப்படியே ஒட்டும்போது மேற்கோள் குறி வளைந்து வந்திருந்தால் வேலை செய்யாது, அழித்துவிட்டு கீபோர்டில் அடியுங்கள்.

இரண்டு நிபந்தனை சேர்ந்து வந்தால் கவுன்ட்இஃப்ஸ், கடைசியில் ஒரு எஸ் கூடும். பஸ்ஸில் வருபவர்களில் எத்தனை பேர் ஃபெயில்?

=கவுன்ட்இஃப்ஸ்(சி2:சி43,"பஸ்",பி2:பி43,"<35")

எனக்கு மிகவும் பிடித்த ஃபார்முலா இதுதான். பஸ் தாமதமாக வருவதால் காலை சிறப்பு வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகள் யாராவது இதில் இருக்கிறார்களா என்று அடுத்து விசாரிக்கத் தோன்றும். இரண்டு பகுதிகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒன்று 43-லும் இன்னொன்று 42-லும் முடிந்தால் பிழை காட்டும்.

அப்புறம், விடை தப்பாக வந்தால். கண்ணுக்குத் தெரிவதை அல்ல, செல்லுக்குள் உண்மையில் இருப்பதைத்தான் இது எண்ணுகிறது. ஒருமுறை என் பட்டியலில் பஸ் 15 வர வேண்டிய இடத்தில் 12 வந்தது. "பஸ்*" என்று நட்சத்திரம் போட்டுப் பார்த்தேன், 15. பஸ் என்று தொடங்கும் எதையும் நட்சத்திரம் சேர்த்துக்கொள்ளும். மூன்று செல்களில் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தது, அழித்ததும் சரியாகிவிட்டது. மதிப்பெண் செல்லின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரிந்தால் பெரும்பாலும் அந்த எண் எழுத்தாகப் பதிவாகியிருக்கும், >=35 அதை எண்ணவே எண்ணாது. தேர்ந்தெடுத்து எண்ணாக மாற்றிவிடுங்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பா? அங்கே திரையில்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. யூனிகோடில் "பஸ்" என்று தேடினால் பூஜ்யம்தான் வரும். அதைவிட மோசம், கவுன்ட்இஃப் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, பாமினியிலோ எகரக் கொம்பும் ஏகாரக் கொம்பும் அந்த வித்தியாசத்தில்தான் பிரிகின்றன. தென், தேன் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். அந்தக் கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு எண்ணுங்கள்.