ஸ்குவாட்ல குதிக்கால் எழும்புற பிரச்சினை, எனக்கு சரிவந்த விதம்

ஜிம்முக்கு புதுசா போற ஆக்களுக்கு உதவும் எண்டுதான் எழுதுறன். ஸ்குவாட், அதாவது குந்தி எழும்புற பயிற்சி, செய்யேக்க பாதி இறங்க முதலே எனக்கு ரெண்டு குதிக்காலும் நிலத்தை விட்டு எழும்பிரும், உடம்பு முன்னுக்கு சாஞ்சு அடுத்த நாள் இடுப்பு பிடிச்சுக்கொண்டு நிக்கும்.

உப்புவெளி பக்கம் நான் போற ஜிம்மில ஒரு அண்ணா இதை பாத்திட்டு, "தம்பி, கணுக்கால்தான் இறுக்கம், இங்க வாங்கோ" எண்டு சுவருக்கு முன்னால நிக்க வச்சார். பெருவிரலை சுவரில இருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வச்சு குதி எழும்பாம முழங்காலால சுவரை தொடோணும். எனக்கு கிட்டவும் போகேல்ல!

பிறகு அவர் பாரை, அதாவது எடை மாட்டுற இரும்புக் கம்பியை, தொடவே விடேல்ல, வெறும் பாரே 20 கிலோ தானே. குதிக்கு கீழ ரெண்டு சின்ன எடைத் தட்டு (பிளேட்) வச்சு, நெஞ்சோட ஒரு டம்பெல்லை அணைச்சு பிடிச்சுக்கொண்டு மெதுவா இறங்க சொன்னார், முதல் தரமே நேரா இருந்து எழும்பினன், அந்த சந்தோசம் சொல்லி வேலையில்ல. வீட்டில ஒவ்வொரு நாளும் பல்லு தீட்டுற நேரம் அந்த சுவர் பயிற்சி. மெத்தெண்ட ஓடுற சப்பாத்தையும் விட்டிட்டு தட்டையான அடி உள்ளதுக்கு மாறினன், அது பெரிய உதவி.

தொடை நோவு ரெண்டு மூண்டு நாள் இருக்கும், அது வழமை, பயப்படாதீங்கோ. மூட்டுக்குள்ள குத்தினா மட்டும் உடனே நிப்பாட்டுங்கோ. இப்ப பிளேட் இல்லாமலே இறங்குறன், பாரும் தோளுக்கு வந்திட்டுது.