திருத்துவதற்கு முன் ஓரத்தில் ஓர் எண்

பிள்ளை பயிற்சித்தாளை முடித்ததும், ஒவ்வொரு கேள்விக்கும் தனக்கு எத்தனை புள்ளி கிடைக்கும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். விடைகளைப் பார்க்கும் முன்பே எழுதிவிட வேண்டும். திருத்திய பிறகு இரண்டு எண்களும் எங்கே அதிகம் விலகுகின்றனவோ, அங்கிருந்து மீள்பார்வையைத் தொடங்குங்கள்.

தெரியாது என்று தெரிந்ததைப் பிள்ளை கேட்டுப் படித்துக்கொள்ளும். தெரியும் என்று நம்பித் தவறவிட்டதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மலேசியாவில் ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இலும் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022இலும் நிறுத்தப்பட்டதிலிருந்து வெளியார் திருத்தும் தாள்கள் குறைந்துவிட்டன, அதனால் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். வருவதற்குள் இந்தப் பழக்கம் கைவர வேண்டும் என்பது என் ஆசை. செந்தூலோ பட்டர்வொர்த்தோ, எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் பணம் கட்டும் முன் இரண்டு வாரம் செய்து பாருங்கள். ஒரு பாடத்துக்கு மட்டும் போதும் என்று தெரியவரலாம்.

கட்டுரைக்கு இது சரிப்படாது. புள்ளி எப்படிப் போடப்படுகிறது என்பதை ஆசிரியர் முதலில் காட்டியிருக்க வேண்டும். ஆண்டு 1, 2 பிள்ளைகளுக்கும் வேண்டாம். வகுப்பறை மதிப்பீட்டில் வரும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலையோடும் ஒப்பிடாதீர்கள், அது ஒரு தாளின் புள்ளி அல்ல.