முதல் ஆட்டத்தில் ஓகரை இறக்குவது எப்படி?

பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், கதையைச் சொல்லி எதிரிகளை இயக்கும் டன்ஜன் மாஸ்டராக முதன்முறையாக உட்காரப் போகிறீர்களா? ஐரோப்பியக் கதைகளில் வரும் முரட்டு மனிதத்தின்னியான ஓகரோடு தொடங்குங்கள். இங்கே சொல்லும் எண்கள் ஆட்டவிதிகளின் 2014 பதிப்பின்படி.

படி 1: ஆட்டக்காரர்களின் நிலையைப் பாருங்கள்

ஓகரின் தடியடி என்பது இரண்டு எட்டுப்பக்கப் பகடை, அதோடு 4. சராசரி 13. முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி ஏழெட்டுதான் இருக்கும், ஒரே அடியில் சுருண்டுவிடுவார். இது தெரியாமல் என் முதல் ஆட்டத்தில் அரைமணி நேரத்தில் கதையையே முடித்துவிட்டேன். நாலு பேரும் இரண்டாம் நிலைக்கு வரட்டும்.

படி 2: தாளில் குறித்துக்கொள்ளுங்கள்

உயிர்ப்புள்ளி 59, கவசம் 11 (ஓகர்மேல் அடி விழ எட்ட வேண்டிய எண்), தாக்கும் பகடையோடு கூட்ட வேண்டியது 6, வேகம் 40 அடி. மனிதப் பாத்திரத்தின் வேகம் 30 அடிதான், அதனால் வெறுமனே ஓடித் தப்ப முடியாது.

படி 3: ஏமாற வழி வையுங்கள்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சார்ல் பெரோ 1697இல் பிரான்சில் வெளியிட்ட கதைகளில் ஓகரை யாரும் வாளால் வெல்வதில்லை. உருமாறத் தெரிந்த ஓகரிடம் பூனை போய், "சிங்கமாக மாறுவீர்களாமே, எலியாக முடியுமா?" என்று உசுப்பேற்றுகிறது. அவன் எலியாகிறான், பூனை விழுங்கிவிடுகிறது. ஆட்டத்து ஓகருக்கு உருமாறத் தெரியாது, ஆனால் பொதுமொழி பேசுவான். ஆட்டக்காரர் யாராவது ஓகரிடம் புளுகினால் அவரும், ஓகருக்காக நீங்களும் இருபது பக்கப் பகடையை உருட்டுங்கள். ஓகரின் எண்ணில் 2 கழியும். இன்னொரு கதையில் இருட்டில் தொப்பியையும் கிரீடத்தையும் மாற்றி வைத்து ஓகரை ஏமாற்றுகிறான் ஒரு பொடியன். அது இங்கே பலிக்காது, இவனுக்கு இருட்டில் 60 அடி வரை கண் தெரியும்!

படி 4: குரல் கொடுங்கள்

அரக்கன் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். நமக்கு உடனே வீணை வாசிக்கும் ராவணன் நினைவுக்கு வருவான். ஓகரின் அறிவு வெறும் 5. "பசி. ஆடு எங்கே?" போதும்.

படி 5: புள்ளி

பேசியே அனுப்பிவைத்தாலும் 450 அனுபவப் புள்ளியை முழுசாகக் கொடுங்கள். கொன்றால்தான் புள்ளி என்றால் அடுத்த முறை எல்லோரும் நேரே வாளைத்தான் உருவுவார்கள்.